மீன் வண்டியில் ஒரு கம்பளித் தூக்கம்

பவித்ரா, ஹரி, இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். நாம் நால்வரும் கொடைக்கானல் போய்வந்த கதையை நீங்கள் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறீர்கள். ஹரி சொல்லும்போது போலீஸ் துப்பாக்கியை எடுத்துவிடுகிறது. பவித்ரா சொல்லும்போது நான் அழுதுவிடுகிறேன். துப்பாக்கியும் கிடையாது, அழுகையும் கிடையாது. (கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அது அங்கே சோளம் சுட்டு விற்ற பெண்ணின் அடுப்புப் புகை.) அப்பா ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத அந்தப் படிப்பு போதும்.

முதலில் உங்கள் அம்மாவின் ஆசையைச் சொல்ல வேண்டும். மாலதி என்னிடம் நகை கேட்டதில்லை, பட்டுப்புடவை கேட்டதில்லை. அவள் ஆசையெல்லாம், நல்ல குளிரில் கம்பளியை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டு ஒரு தூக்கம் தூங்க வேண்டும். அவ்வளவுதான். காரைக்காலில் பிறந்து காரைக்காலிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு இது லேசான ஆசை இல்லை. நம் வீட்டில் மார்கழியிலும் மின்விசிறி ஓடும்.

"டிவியில எல்லாம் போத்திக்கிட்டுத் தூங்குறாங்க. அது எப்பிடித்தான் இருக்கும்ங்க?" என்று கேட்பாள். நான் மட்டும் என்ன கண்டேன்?

ஒருநாள் அவளே ஒரு கம்பளி வாங்கி வந்துவிட்டாள். சிவப்புக் கட்டம் போட்டது, நல்ல கனம். அதைப் பாச்சை உருண்டை போட்டு பீரோவில் வைத்தாள். வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பாள், வெயிலில் காயப்போடுவாள், மடித்து உள்ளே வைப்பாள். குளிருக்கு வாங்கிய கம்பளி வெயிலைத் தவிர வேறொன்றையும் பார்த்ததில்லை.

நமக்கு மீன் வியாபாரம். கடலுக்குப் படகு போகிறவரை நமக்கு லீவு கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், நம் வண்டியும் நிற்கும். அதே சமயம் பள்ளிக்கூடமும் லீவு, மலையில் சீசன், எங்கே கேட்டாலும் ரூம் இல்லை என்பார்கள். இப்படியே ஒவ்வொரு தடைக்காலமும் போனது. பவித்ரா பன்னிரண்டாவது எழுதி முடித்த வருஷம் அம்மா சொன்னாள்: "இவ படிக்க வெளியூரு போயிட்டான்னா அப்புறம் நாலு பேரும் சேர்ந்து எங்க போறது?" கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் ஹரி போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டில் ஒரு குடும்பம் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி, ஊர் ஊராகப் போகிறது. மோட்டார் ஹோம் என்று பெயராம்.

"அப்பா, நம்ம வண்டியிலயும்தான் பொட்டி இருக்கு," என்றான் ஹரி.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த என் மூளை அப்போது விழித்துக்கொண்டது. அது தூங்கியபடியே இருந்திருக்கலாம்.

நம் வண்டி உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகிற உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முன்னால் இரண்டு வரிசை சீட்டு. பின்னால் மீன் பெட்டி, ஆள் நிமிர்ந்து நிற்கலாம். சுவர், கூரை, கதவு எல்லாமே இரட்டைத் தகடு, நடுவில் தெர்மாகோல். காலையில் ஐஸ் போட்டு மூடினால் மறுநாள் திறந்தாலும் பாதி ஐஸ் அப்படியே இருக்கும். அந்தப் பெட்டியைச் சோப்பு போட்டுக் கழுவினேன். சுண்ணாம்பு போட்டுக் கழுவினேன். மஞ்சள் கரைத்துக் கழுவினேன். கடைசியில் பினாயில் ஊற்றினேன். மீன் வாடை போகவில்லை, பினாயிலோடு சேர்ந்து புதிதாக ஒரு வாடை பிறந்தது. மீன் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடுகளைக் கவிழ்த்துப் போட்டு மேலே மெத்தை விரித்தேன். தலைமாட்டில் மேலே ஒரு பலகைத் தட்டு அடித்தேன். அடுப்பு, தண்ணீர் டிரம், பூப்போட்ட திரை எல்லாம் வந்தன.

அம்மா ஏறிப் பார்த்தாள். கம்பளியை மெத்தையின்மேல் வைத்து அழகு பார்த்தாள்.

"இதுக்குள்ள குளிரு வருமாங்க?"

"மாலதி, இது ஐஸையே உருக விடாத பொட்டி. குளிரு ஒரு தடவ உள்ள போச்சுன்னா நாம தொரத்துனாலும் வெளிய போவாது."

எவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறேன், பாருங்கள்.

விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். அம்பகரத்தூர் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தோம். எல்லையைத் தாண்டியதும் சோதனைச்சாவடியில் கை காட்டினார்கள். புதுச்சேரி நம்பர் பிளேட் போட்ட வண்டிக்கு இந்த மரியாதை எப்போதும் உண்டு. காரைக்காலிலிருந்து பன்னீர் கொண்டுபோனாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

"பின்னாடி என்னய்யா?"

"வீடு சார்."

போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊதச் சொன்னார். ஊதினேன். பிறகு கதவைத் திறக்கச் சொன்னார். மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு கிரேடு நிறைய பாட்டில்கள்.

வழிக்கு வேண்டுமே என்று அம்மா நன்னாரி சர்பத் காய்ச்சி ஊற்றி வந்திருந்தாள். எதில் ஊற்றுவது? நம் ஊரில் விளக்கெண்ணெய், பினாயில், தேன் எல்லாமே காலி பிராந்தி பாட்டிலில்தான். நம் கண்ணுக்கு அது வெறும் பாட்டில். லேபிளை உரிக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. (அத்தனை காலி பாட்டில் எங்கே கிடைத்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக் கூடாது.)

"என்ன இது?"

"நன்னாரி சர்பத் சார்."

"ம். காரைக்கால்லேந்து வர்றவன் எல்லாரும் நன்னாரிதான் கொண்டாறான்."

அம்மா இறங்கி வந்தாள். "சத்தியமா சர்பத்துதாங்க சார். வேணும்னா குடிச்சுப் பாருங்க."

"டூட்டியில என்னைக் குடிக்கச் சொல்றியாம்மா?"

இந்த இடத்தில்தான் ஹரி எனக்கு உதவிக்கு வந்தான். "சார், எங்கப்பா ஞாயித்துக்கெழம மட்டும்தான் சார் குடிப்பாரு."

போலீஸ்காரர் பெட்டிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். டொக்கு டொக்கு என்றது. "ரெண்டு செவுரா இருக்கே. நடுவுல என்ன வச்சிருக்க?"

"தெர்மாகோல் சார்."

"பிரிச்சுப் பாத்துரலாமா?"

"பிரிச்சா எங்க பொழப்பு போச்சு சார்," என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து வயதான ஏட்டு ஒருவர் எழுந்து வந்தார். ஒரு பாட்டிலைத் திறந்து மோந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினார். இன்னொரு முறை நக்கினார்.

"எலுமிச்சம்பழம் இன்னுங் கொஞ்சம் பிழிஞ்சிருக்கலாம்மா," என்றார்.

அம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டு பாட்டிலை எடுத்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். சோதனைச்சாவடி மேஜைமேல், அந்த லேபிளோடு, அந்தப் பாட்டில்கள். மேலதிகாரி யாராவது அன்றைக்கு வந்திருந்தால் அந்த நல்ல மனிதர் கதி என்ன ஆகியிருக்குமோ, இன்றுவரை தெரியாது.

அடுத்த ஊரில் நடந்தது முழுக்க என் கைக்குற்றம். ஊருக்குள் நுழைந்தால் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்று ஹாரன் அடிப்பது நம் வழக்கம். மீன் வந்துவிட்டது என்று அர்த்தம். கை அதுவாகவே அடித்துவிட்டது. தடைக்காலத்தில் கடல் மீனைக் கண்ணால் பார்க்காமல் நாக்கு செத்துக் கிடக்கிற ஊர். கிண்ணத்தோடும் சட்டியோடும் பெண்கள் ஓடிவந்து வண்டியை மறித்துவிட்டார்கள். பின்னாலேயே பூனைகள்.

"மீன் இல்லக்கா. நாங்க டூரு போறோம்."

"டூரு போறவன் எதுக்குய்யா மீன் ஹாரன் அடிக்கிற? வெல ஏத்தத்தானே ஒளிச்சு வச்சிருக்க? பொட்டியத் தொற."

திறந்தேன். மெத்தையையும் பூப்போட்ட திரையையும் அவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏண்டி, இவன் மீனையெல்லாம் மெத்தையில படுக்க வச்சித்தான் கொண்டாருவான் போலருக்கு," என்றாள் ஒருத்தி. பவித்ரா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். திருச்சி தாண்டும்வரை எடுக்கவில்லை.

திருச்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் சமையல். வெளியே காற்றில் அடுப்பு நிற்கவில்லை என்று பெட்டிக்குள்ளேயே, கதவைத் திறந்துவைத்து, அம்மா சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள். அதற்குள் அந்த ஊர்ப் பூனைகளுக்கும் சேதி போய்விட்டது. நாய்களும் வந்தன. சாப்பிட்டதும் நான் பெட்டிக் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டு, ரப்பர் விளிம்பையும் அழுத்திவிட்டேன். ஈ போக இடமில்லை. அடுப்புச் சூடு, கஞ்சி ஆவி, காலையிலிருந்து தகட்டில் அடித்த சித்திரை வெயில், எல்லாம் உள்ளே.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில், "என்னங்க, கை சில்லுங்குதுங்க," என்றாள். ரொம்ப மெதுவாகச் சொன்னாள், சத்தமாகச் சொன்னால் குளிர் ஓடிவிடும் என்பதுபோல.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அம்மா சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார். நமக்குப் பல் கிட்டியது. ஹரி என் லுங்கியை எடுத்துச் சால்வையாகச் சுற்றிக்கொண்டான்.

உங்கள் அம்மா மட்டும் நேராகப் பெட்டிக்குப் போனாள். கையில் கிடைத்ததையெல்லாம் எல்லாரும் இழுத்துப் போர்த்திய நேரத்தில் அவள் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "நான் கூப்புடற வரைக்கும் யாரும் கதவத் தொறக்காதீங்க," என்றாள். நான் வெளியே கொண்டியைப் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, காவல்காரன்போல நின்றேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரு சோளம் தின்று முடிக்கவில்லை. கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். நெற்றி முடியெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் வேர்வை வழிந்தது. பின்னாலேயே உள்ளேயிருந்து ஒரு சூடு வந்து நம் முகத்தில் அடித்தது. குழம்பு வாசம், மீன் வாடை, பினாயில், எல்லாம் அதில் இருந்தன.

"என்னங்க," என்றாள். "உள்ள காரைக்கால் இருக்குங்க."

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். சோளக்கார அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டை மட்டும் எப்படி விடும்? இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. நம் ஊர் வெயிலைக் கொஞ்சம்கூடச் சிந்தாமல் சிதறாமல் மலை உச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

"கொஞ்ச நேரம் கதவத் தொறந்து வச்சா அதுவா ஆறிடும்ங்க," என்றாள் அம்மா.

இதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இத்தன வருஷமா பொட்டியக் குளுர வக்கிறவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சொல்லிவிட்டு, ஐஸ் வாங்கக் கிளம்பினேன்.

கொடைக்கானலில், பனிமூட்டத்தில், ஐஸ்.

கடைத்தெருவில் விசாரித்து ஓர் ஐஸ்காரரைப் பிடித்தேன். தலையில் குல்லா, ஸ்வெட்டர், அதற்குமேல் ஒரு சால்வை.

"ரெண்டு பார் வேணுங்க."

"கடைக்காண்ணே?"

"இல்லீங்க. வண்டியில எங்க வீட்டுக்காரி இருக்கா. அவளுக்கு."

அவர் கை அப்படியே நின்றது. "எந்த ஊருண்ணே?"

"காரைக்கால்."

"அம்மாடி. அவ்வளவு தூரம் கொண்டு போவணுமா. எப்ப ஆச்சு?"

பெட்டிச் சூட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "மத்தியானத்துலேந்தே இருந்திருக்கு. இங்க வந்து கதவத் தொறந்தப்பதான் தெரிஞ்சுது."

"பிள்ளைங்க?"

"ரெண்டும் வண்டிகிட்ட சோளம் தின்னுக்கிட்டு நிக்குதுங்க."

"அதுங்களுக்கு என்ன தெரியும் பாவம்," என்று அவர் குல்லாவைக் கழற்றினார். காசை நீட்டினேன், என் கையை மடக்கிவிட்டார். ஆளுக்கொரு பாராக அவரும் இன்னொருவரும் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு நடந்து வந்தார்கள். மலைக்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டே வந்தேன்.

மைதானத்தில் சோளக்கார அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள் மாலதி. ஐஸோடு வந்தவர்களைப் பார்த்ததும், "வாங்கண்ணே. சோளம் சாப்புடறீங்களா?" என்றாள்.

"இவுங்க?" என்றார் ஐஸ்காரர்.

"இவதான் வீட்டுக்காரி," என்றேன்.

தோளிலிருந்த ஐஸ் கீழே விழுந்து சுக்கல் சுக்கலானது. "நல்லதாப் போச்சு, ஒடைக்கிற வேல மிச்சம்," என்று நான் சொன்னதை ஹரி இன்னும் விடமாட்டேன் என்கிறான்.

விஷயம் தெரிந்ததும் ஐஸ்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா திட்டினாரா என்று பிரிக்க முடியவில்லை. "யோவ், எங்கப்பன் காலத்துலேந்து இந்த மலையில ஐஸ் விக்கிறோம். குளுருக்கு ஐஸ் வாங்குன மொத ஆளு நீதான்யா," என்றார். அப்போது காசை வாங்கிக்கொண்டார்.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஐஸ் வந்துவிட்டதே, வீணாக்கலாமா? மீனுக்கு ஐஸ் போடுவதில் ஒரு முறை இருக்கிறது. அடியில் போட்டால் அடிமீன்தான் குளிரும். மேலே போட்டால்தான் ஒழுகி ஒழுகி எல்லாவற்றுக்கும் குளிர் இறங்கும். முறைப்படி செய்தேன். உடைந்த ஐஸையெல்லாம் சாக்கில் அள்ளி, தலைமாட்டுப் பலகைத் தட்டில் ஏற்றினேன். கதவைச் சாத்தினேன். காத்திருந்தோம். நான் போய்த் தொட்டுப் பார்த்து, "இப்ப வா மாலதி," என்று கூப்பிட்டேன்.

பெட்டி நன்றாகத்தான் குளிர்ந்திருந்தது. ஐஸும் முறைப்படி ஒழுகியிருந்தது. மெத்தை தொப்பல். மெத்தைமேல் மடித்து வைத்திருந்த கம்பளி, மெத்தை குடித்தது போக மீதித் தண்ணீரையெல்லாம் தானே குடித்திருந்தது.

அம்மா கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. நானும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். சிவப்புத் தண்ணீர் கொட்டியது.

"என்னை வஞ்சிரம்னு நெனச்சுட்டீங்களா?" என்றாள்.

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லங்க, கம்பளி காஞ்சிரும்," என்றாள். என் கண்ணில் புகை பட்டது இந்த இடத்தில்தான், பவித்ரா.

ரூம் எங்கேயும் கிடைக்கவில்லை. நாலு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே விடியும்வரை கிடந்தோம். என் வேட்டி, லுங்கி, பவித்ராவின் துப்பட்டா, ஹரியின் துண்டு என்று அம்மாமேல் போர்த்தாத துணியில்லை. காலையில், "தூங்குனியா?" என்று கேட்டேன். "தூங்குனேன். ஆனா கம்பளி இல்லாத தூக்கம் சேத்தியில்லங்க," என்றாள். மலையிறங்கும்போது கம்பளியை வண்டிக் கூரைமேல் விரித்துக் கட்டியிருந்தோம். திண்டுக்கல் வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டது. மறுபடியும் வெயில்தான் அதற்கு வாய்த்தது.

அதற்குப் பிறகு நம் சொந்தத்தில் யார் வீட்டில் கரண்ட் போனாலும், "உள்ள காரைக்கால் இருக்கு," என்பார்கள். யாராவது ஊட்டி, ஏற்காடு என்று கிளம்பினால், "ஐஸ் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டு அனுப்புவார்கள். துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும்போது, "வீட்டுக்கா, மீனுக்கா?" என்று இன்னும் கேட்கிறார்கள். அம்மாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை கம்பளியைக் காயப்போட்டு மடித்து வைக்கிறாள்.

இந்த வருஷத் தடைக்காலம் நெருங்கிவிட்டது. பவித்ரா, உனக்கும் நர்சிங் காலேஜ் லீவு என்றாய். நேற்று மத்தியானம் லோடு இறக்கிவிட்டு, துறைமுகச் சாலையில் வண்டியை ஓரம்கட்டி, ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கொடைக்கானல் லாட்ஜ் ஒன்றுக்குப் போன் போட்டேன். சீசனுக்கு முன்னாலேயே கேட்டதால் ரூம் இருந்தது.

"ரூம்ல ஜன்னல் இருக்குங்களா?"

"ரெண்டு இருக்கு சார்."

"தொறக்குமா?"

"தொறக்கும். ஆனா தொறக்க வேணாம் சார், குளிரு உள்ள வந்துரும்."

"வரட்டும்."

"ஹீட்டர் போட்டுத் தர்றோம் சார்."

"அத நாங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்துருங்க."

பிறகு, "நாலு பேருன்னா நாலு கம்பளி வச்சிரட்டுமா சார்?" என்று கேட்டார்.

"மூணு போதும்," என்றேன். "ஒண்ணு நாங்க கொண்டாறோம்."